குரல் மட்டும் வரும் டீச்சர்

மார்ச் 2

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதறேன். நான் சௌக்கியம். நீயும் உன் வீட்டுக்காரியும் சௌக்கியமா? உன் முதுகுவலி எந்த மட்டுல இருக்கு? நாற்காலியை மாத்துன்னு சொல்லிச் சொல்லி என் வாய்தான் தேயுது. ஆபீசர் நாற்காலி, முதுகு ஒடிஞ்சாலும் விட மனசு வராது போல.

போன்ல பேச வேண்டியதை ஏன் எழுதறேன்னு கேட்பே. போன்ல நீ பாதியிலேயே வச்சிடறே. கடுதாசியையும் பாதியில வைக்கலாம், ஆனா மீதிப் பாதி மேஜையில கிடந்து உன்னை முறைச்சுக்கிட்டே இருக்கும்.

விஷயத்துக்கு வரேன். என் தையல் வகுப்பை வீடியோவுக்கு மாத்தணும்னு சொன்னே. மாத்த மாட்டேன். உங்க நிறுவனம் பஸ்ஸே போகாத இடத்துக்கெல்லாம் தையல் மெஷினை அனுப்பிச்சு. சொல்லிக் குடுக்க ஆள் போக முடியலை. "அக்கா, நீ பாக்டரியில எத்தனை பேரைப் பழக்கி விட்டிருக்கே, போன்லயே சொல்லிக் குடு"ன்னு நீதானே வந்து கெஞ்சினே. நானும் புதனும் சனியும் தொண்டை காயக் கத்திக்கிட்டுத்தான் இருக்கேன். எல்லாப் பொம்பளைங்களும் ஒரே போன் கால்ல சேர்ந்துடறாங்க. போனை மெஷின் பக்கத்துல வச்சிட்டு ரெண்டு கையாலயும் வேலை பார்க்கறாங்க. வீடியோன்னா ஒரு கையில போனு, ஒரு கையில துணி. மூணாவது கைக்கு உங்க ஆபீஸ்ல நிதி ஒதுக்கி இருக்கீங்களா?

எனக்கு அவங்க முகம் வேண்டாம்டா. ஊசி துணியில இறங்கற சத்தத்துலயே நூல் இறுக்கமா தளர்வான்னு சொல்லிடுவேன். ஒருத்தி செய்யறதை எல்லாம் முணுமுணுத்துக்கிட்டே செய்வா, "இப்ப ஊசியை இறக்கறேன், இப்பத் திருப்பறேன்"னு. அவளுக்கு முணுமுணுப்புன்னே பேர் வச்சிட்டேன். அவ வகுப்புக்கு வந்தா ரேடியோ வர்ணனை கேட்கற மாதிரி இருக்கு. இதுக்கு மேல எதுக்கு வீடியோ?

என் மகன், அதான் உன் மாப்பிள்ளை, வண்டியில சரக்கு ஏத்திக்கிட்டுப் போயிருக்கான், வர நாளாகும். உன் பொண்ணும் குழந்தையும் நல்லா இருக்காங்க.

மூச்சு முட்டக் கோபப்படாம பதில் எழுது.

உன் அக்கா


மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். முதுகு அப்படியேதான் இருக்கிறது. அதற்குக் காரணம் நாற்காலி இல்லை, நீதான்.

உன் கடிதத்தை முழுவதும் படித்தேன். சிரிப்பு வந்தது. அதை வைத்து மேனேஜரைச் சமாளிக்க முடியாது. மற்ற வகுப்புகள் எல்லாம் வீடியோவுக்கு மாறிவிட்டன. "உங்கள் அக்கா மட்டும் ஏன் வானொலி நடத்துகிறார்" என்று கூட்டத்தில் வைத்துக் கேட்கிறார். உன்னை இந்த வேலைக்குச் சொன்னவன் நான். எல்லோரும் என்னைத்தான் பார்க்கிறார்கள்.

வகுப்புப் பதிவுகளைக் கேட்டேன். ஒருத்தி, "டீச்சர், அந்தக் கொக்கியில நூலை எப்படி மாட்டறது" என்று கேட்கிறாள். நீ சொல்கிறாய். மறுபடி கேட்கிறாள். மறுபடி சொல்கிறாய். ஒரு தடவை காட்டியிருந்தால் முடிந்திருக்கும். பாதி வகுப்பு கொக்கியில் போகிறது, மீதி உன் ஜோக்கில்.

இத்துடன் போனை மாட்டி வைக்கிற ஸ்டாண்டும் ஒரு விளக்கும் அனுப்பியிருக்கிறேன். உன் கையும் மெஷினும் தெரிந்தால் போதும். உங்கள் வீட்டில் என் மகள் வேலை பார்க்கிற ஹாலில் நல்ல வெளிச்சம் இருக்கிறது. மேஜையும் இருக்கிறது. அவளிடம் சொன்னால் மாட்டித் தருவாள்.

உனக்கு வீடியோ கால் போட்டால் எடுப்பதில்லை. அவள் போனுக்குப் போட்டால், நீ எப்போதும் குளித்துக்கொண்டிருக்கிறாய். இவ்வளவு சுத்தம் எப்போதிலிருந்து?

அன்புடன்,
தம்பி


மார்ச் 15

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். குழந்தைக்கு இருமல் நின்றுவிட்டது. ராத்திரி உங்களைத்தான் தேடுகிறான். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? அறையில் ஈரம் குறைந்ததா?

அப்பாவின் கடிதமும் பார்சலும் இங்கே வந்தன. பிரிக்காமல் அனுப்புகிறேன். போனில் பேசினால் ஏதாவது ஜோக் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறீர்கள். அதனால் நானும் எழுதுகிறேன்.

அப்பாவிடம் இன்னும் எத்தனை பொய் சொல்வது அத்தை? குளிக்கிறீர்கள், தூங்குகிறீர்கள், கடைக்குப் போயிருக்கிறீர்கள். சொல்லிச் சொல்லி எனக்கே எது சொன்னேன் என்று மறந்துவிட்டது. நீங்கள் வீட்டை விட்டுப் போய் சலவைக்கடைக்குப் பின்னால் அறை எடுத்துத் தங்கியிருப்பது அவருக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். உங்கள் மகனிடம் சொன்னேன். "ரெண்டு பேரும் பேசி முடிங்க"ன்னு சொல்லிவிட்டு லாரியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்றைக்கு என் ஆபீஸ் வீடியோ மீட்டிங்கில் நீங்கள் ஈரத்துணி வாளியோடு எனக்குப் பின்னால் போனீர்கள். யார் அது என்று எங்கள் மேனேஜர் கேட்டார். வீட்டு வேலைக்கு வருகிறவர் என்று சொல்லிவிட்டேன். வாய் தவறி வந்தது என்று உங்களிடம் சொன்னேன். வாய் தவறவில்லை. தனி அறையில் இருந்து வேலை பார்க்கிறேன் என்று அவர்களுக்கு எழுதிக் கொடுத்திருந்தேன். வேலை போய்விடுமோ என்று பயம். அதற்காக அப்படியா சொல்வது என்று நீங்கள் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்காமல் சிரித்தீர்கள். மறுநாள் மெஷினைக் கட்டிக்கொண்டு போனீர்கள்.

வீட்டுக்கு வாருங்கள்.

உங்கள் மருமகள்


மார்ச் 18

அன்புள்ள மருமகளுக்கு,

நான் சௌக்கியம். குழந்தைக்கு முத்தம். ராத்திரி தேடினா என் பழைய வகுப்புப் பதிவு ஏதாவது போட்டு விடு. கொக்கியில நூல் மாட்டறதைக் கேட்டா பெரியவங்களே தூங்கிடறாங்களாம், உங்கப்பா சொல்றார்.

ஈரம் குறையலை. சலவைக்கடையில ஈரம் இல்லாம வேற என்ன இருக்கும்? ஆனா மேஜை பெருசு. யாரும் "அத்தை, மீட்டிங், மெஷினை நிறுத்துங்க"ன்னு சொல்றதில்லை. நீயும் சந்தோஷமா மீட்டிங் பாரு. ரெண்டு பேர் ரெண்டு வேலை, ஒரே ஹால். அது யார் தப்பும் இல்லை.

உங்கப்பாகிட்ட ஒரு வார்த்தை மூச்சு விடாதே. அவன் சின்ன வயசுல ஒரு சைக்கிள் பம்புக்காகக் கூட்டாளிகிட்ட பேசாம விட்டவன். அந்த ஆள் செத்துப்போன பிறகுதான் கோபத்தையே விட்டான். பெத்த பொண்ணையும் விட்டுடுவான். எனக்கு அதான் பயம். வேற பயம் இல்லை.

வீடியோ வகுப்புக்கு மட்டும் என்னால முடியாது. கேமராவில நான் எப்படித் தெரிவேன்னு எனக்கு அதுவரைக்கும் தெரியாது. நீ சொல்லித்தான் தெரிஞ்சுது. போன்ல குரல் மட்டும் போகும்போது அத்தனை பேரும் டீச்சர்ங்கறாங்க. அதை எதுக்குக் கெடுத்துக்கணும்?

இதைக் குத்தறதுக்காக எழுதலை. எழுதிட்டேன், அடிச்சா அசிங்கமா இருக்கும்னு விட்டுட்டேன்.

ஸ்டாண்டு அழகா இருக்கு. துண்டு காயப்போடறேன்.

உன் அத்தை


மார்ச் 27

அன்புள்ள தம்பிக்கு,

நான் நல்லா இருக்கேன். நீ அனுப்பின ஸ்டாண்டு நல்லா உபயோகப்படுது. விளக்கைப் போட்டா எனக்குக் கண் கூசுது, எடுத்து வச்சிட்டேன்.

நீ சொன்னியேன்னு வகுப்புலயே ஓட்டுக்கு விட்டேன். "வீடியோ வேணும்ங்கறவங்க இப்பச் சொல்லுங்க, உங்க ஆபீசர் ஆசைப்படறார், டேட்டா உங்க செலவு"ன்னேன். ஒருத்தியும் வாயைத் திறக்கலை. முணுமுணுப்பு மட்டும் ஏதோ முணுமுணுத்தா, மெஷின் சத்தத்துல கேட்கலை. அவங்க பாடும் பார்க்கணும்ல. ஒருத்தி மாமனார் கட்டில் பக்கத்துல உட்கார்ந்து தைக்கறா. இன்னொருத்திக்கு மேற்கூரை வேலை நடக்குது. திடீர்னு வீட்டுக்குள்ள உலகமே எட்டிப் பார்த்தா யாருக்குப் பிடிக்கும்? பார்க்கறவங்க ஒண்ணு நினைப்பாங்க, நாம ஒண்ணா இருப்போம்.

நேத்து சட்டைக்குக் கை வெட்டறது சொல்லிக் குடுத்தேன். பள்ளிக்கூடச் சட்டை ஆர்டர் வருதுன்னு சொன்னியே, அதுக்குத்தான். முணுமுணுப்பு கத்திரி போட்ட சத்தம் இருக்கே, சும்மா வெண்ணெயில போற மாதிரி. "சபாஷ், சத்தமே சொல்லுது, சரியா வெட்டறே"ன்னு எல்லார் முன்னாடியும் சொன்னேன். உன் வீடியோவில இதெல்லாம் தெரியுமா?

மேனேஜர்கிட்ட சொல்லு, வானொலி நல்லா ஓடுதுன்னு.

உன் அக்கா


ஏப்ரல் 21

அக்காவுக்கு,

நலம். நீயும் நலம் என்று நினைக்கிறேன். உடனே பதில் எழுதாததற்குக் காரணம், எழுதியிருந்தால் திட்டித்தான் எழுதியிருப்பேன்.

பள்ளிக்கூடச் சட்டைகள் திரும்பி வந்துவிட்டன. நீ முணுமுணுப்பு என்கிறாயே, அவள் தைத்த மூட்டை முழுவதும். ஒவ்வொரு சட்டையிலும் ரெண்டும் இடது கை. வலது தோளில் இடது கையைச் சுருக்கிச் சுருக்கி இழுத்து வைத்துத் தைத்திருக்கிறாள். ஒரு பையன் போட்டுக்கொண்டு கையைத் தூக்கினான், அக்குளில் கிழிந்தது.

கூப்பிட்டுக் கேட்டேன். நீ துணியை மடித்து வெட்டச் சொன்னாயாம். அவளிடம் இருந்தது துண்டு துண்டான துணி, மடிக்க இடம் போதாது. அதனால் ரெண்டு துண்டை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து வெட்டியிருக்கிறாள். இரண்டிலும் நல்ல பக்கம் மேலே. முகத்துக்கு முகம் வைக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியாது. பார்த்திருந்தால் நீ ஒரு நொடியில் நிறுத்தியிருப்பாய். நீ பார்க்கவில்லை. சபாஷ் சொன்னாய். பதிவில் கேட்டேன்.

"டீச்சர் சரின்னு சொன்னாங்க, அதான் மிச்சத்தையும் அப்படியே வெட்டினேன்" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது. இனி ஆர்டர் அவளுக்குக் கிடையாது என்று மேனேஜர் சொல்லிவிட்டார். நான் கெஞ்சி, இன்னொரு முறை வெட்டிக் காட்டட்டும் என்று வாங்கியிருக்கிறேன். அதை நீ வீடியோவில் சொல்லிக்கொடுக்க வேண்டும். முடியாதென்றால் வேறு டீச்சர் தயாராக இருக்கிறார்.

இன்னொன்று. பதிவில் பின்னால் எப்போதும் தண்ணீர் சத்தம். மோட்டார் ஓடுகிறது. "போர்வை ரெடி, யாருது"ன்னு யாரோ கத்துகிறார்கள். மகள் வீட்டில் யார் போர்வையை யார் தேடுகிறார்கள்? நீ எங்கே இருக்கிறாய்?

தம்பி


ஏப்ரல் 24

அன்புள்ள மருமகளுக்கு,

நீ அனுப்பின உங்கப்பா கடுதாசி வந்து சேர்ந்தது. குழந்தை எப்படி இருக்கான்? பல் வந்துடுச்சா?

உன்கிட்ட ஒரு உதவி. இப்ப ஜோக் ஒண்ணும் இல்லை, பயந்துடாதே.

நேத்து வகுப்புல முணுமுணுப்பு இருந்தா. இருந்தாளான்னே தெரியலை. மெஷின் சத்தம் மட்டும் வந்துச்சு. "என்னம்மா, வர்ணனை எங்கே"ன்னு கேட்டேன். "தப்பாச் சொல்லிடுவேனோன்னு பயமா இருக்கு டீச்சர்"னா. கத்திரி சத்தத்தைக் கேட்டு சபாஷ் சொன்ன பெரிய மனுஷி நான். துணியில முகம் எது முதுகு எதுன்னு கத்திரிக்கு என்ன தெரியும்? அவ வாயை நான் அடைச்சிட்டேன். ராவெல்லாம் அதையே நினைச்சுக்கிட்டுப் புரண்டேன். வீடியோ வேணுமான்னு கேட்டப்ப அவ ஏதோ சொன்னா. வேணும்னுதான் சொல்லியிருப்பா. மெஷின் சத்தம்னு நான் எழுதினேன். கேட்க எனக்கு இஷ்டம் இல்லை, அதான் நிஜம்.

சனிக்கிழமை கேமரா போடப் போறேன். ஸ்டாண்டு சரிப்படலை, நான் துணியை விரிச்சா அது பாட்டுக்குச் சாஞ்சிடுது. வெட்டற கை போற பக்கமெல்லாம் கூடவே ஒரு ஆள் போனைப் பிடிச்சுக்கிட்டு வரணும். நீ கேமராவிலேயே குடித்தனம் நடத்தறவ. வர்றியா? உனக்கு மீட்டிங் இருந்தா வேண்டாம். சலவைக்கடை முதலாளியம்மாவைக் கேட்டுக்கறேன். அவங்க பிடிச்சா போர்வைதான் தெரியும்.

வாசல்ல தண்ணி நிக்கும். வழுக்காத செருப்புப் போட்டுக்க.

உன் அத்தை


ஏப்ரல் 25

அன்புள்ள தம்பிக்கு,

நான் சௌக்கியம். உன் வீட்டுக்காரியையும் கேட்டதாச் சொல்லு.

சனிக்கிழமை வீடியோ. நீ ஜெயிச்சே. உன் மேனேஜரையும் பக்கத்துல உட்கார வச்சுக்க.

சத்தம் பத்திக் கேட்டிருக்கே. வாஷிங் மெஷின். வேற என்ன?

உன் அக்கா


மே 6

அக்காவுக்கு,

எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. உனக்கும் ஒன்றும் இல்லை என்றுதான் எழுதுவாய். அதனால் கேட்கவில்லை.

சனிக்கிழமை ஆபீசில் எல்லோரோடும் உட்கார்ந்து பார்த்தேன். உன் கை தெரிந்தது. துணி தெரிந்தது. பின்னால் சுவர் முழுக்கக் குழாய், அதில் தண்ணீர் வழிகிறது. "இன்னும் கொஞ்சம் கீழே பிடிம்மா" என்றாய். "சரி அத்தை" என்று குரல் கேட்டது. அது என் மகள் வீடு இல்லை. ஆனால் என் மகள் குரல்.

மேனேஜர் கைதட்டினார். நான் எழுந்துவிட்டேன்.

வெளியே வந்து அவளுக்குப் போன் செய்தேன். எல்லாம் சொன்னாள். நீ எப்போது வீட்டை விட்டுப் போனாய், ஏன் போனாய், மீட்டிங்கில் அவள் உன்னைப் பற்றிச் சொன்ன வார்த்தை. என்னை எடுத்து வளர்த்தவள் நீ. எனக்குச் சட்டை தைத்துப் போட்டு ஸ்கூலுக்கு அனுப்பியவள். உன்னை அப்படிச் சொல்ல என் மகளுக்கு வாய் வந்திருக்கிறது. இனி அவளோடு எனக்குப் பேச்சு இல்லை. அவளிடமே சொல்லிவிட்டேன்.

நீ ஒளித்தது அதைவிடக் கோபம். மாதக்கணக்கில் ஈரத்தில் கிடந்துகொண்டு எனக்கு முதுகுவலியை விசாரித்து எழுதியிருக்கிறாய்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை வண்டி எடுத்துக்கொண்டு வருகிறேன். சாமானைக் கட்டி வை. என் வீட்டில் இரு. வகுப்பை அந்த வேறு டீச்சர் பார்த்துக்கொள்வார். நீ இனி கத்த வேண்டாம்.

தம்பி


மே 9

அன்புள்ள தம்பிக்கு,

நான் நல்லாத்தான் இருக்கேன். நீ கேட்காட்டியும் சொல்லணும்ல. இந்த விலாசத்துக்கே நீ நேரா எழுதினது சந்தோஷம். உன் பொண்ணு தபால் வேலை பார்த்து அலுத்துட்டா.

சாமான் கட்ட மாட்டேன். நீ கோபத்துல இருக்கறதால மெதுவாச் சொல்றேன், ரெண்டு தரம் படி.

அவ சொன்ன வார்த்தை எனக்கு வலிச்சுது. இல்லேன்னா பொய். சிரிச்சு மழுப்பிட்டு வந்து இந்த அறையில உட்கார்ந்து அழுதேன். ஆனா டேய், சொன்னது என்னை. கோபப்பட வேண்டியவ நான். என் கோபத்தை நீ எதுக்கு வாங்கிக்கிட்டுப் போறே? எனக்கே இன்னும் அதை என்ன பண்றதுன்னு முடிவாகலை. அதுக்குள்ள நீ தீர்ப்பு எழுதி, பேச்சை நிறுத்தி, வண்டியும் பேசிட்டே.

நான் இந்தப் பயத்துலதான் உனக்குச் சொல்லலை. நான் பயந்தபடியே நீ செஞ்சே.

அன்னைக்கு அவ வந்தா. குழந்தையை முதலாளியம்மாகிட்ட குடுத்துட்டு, போனைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. கை வலிக்குதுன்னு மாத்தி மாத்திப் பிடிச்சா, கீழ வைக்கலை. நான் மன்னிப்பு கேட்கச் சொல்லலை, அவளும் கேட்கலை. வகுப்பு முடிஞ்சதும் டீ போட்டுக் குடுத்தேன். "அத்தை, உங்க நகம் ரொம்ப வளர்ந்திருக்கு, அடுத்த தடவை வெட்டிட்டுக் காட்டுங்க"ன்னா. அவ்வளவுதான் பேச்சு. அடுத்த தடவைன்னு சொன்னா, அதைக் கவனி. அடுத்த சனிக்கிழமைக்கு நீ வேற டீச்சரைப் போட்டா அவ யாருக்குப் போன் பிடிப்பா?

இந்த அறைக்குக் கோபத்துல வந்தேன். இப்பக் கோபத்துல இருக்கலை. ஈரம் இருக்கு, முதலாளியம்மாகிட்ட சொல்லிக் குழாயைக் கட்டச் சொல்லியிருக்கேன். மேஜை எனக்கு வேணும். உன் வீட்டுல எனக்குப் பெரிய கட்டில் இருக்கு, தெரியும். கட்டில்ல படுத்துக்கிட்டு என்னத்தை வெட்டறது?

வகுப்பு பத்தி உன் மேனேஜருக்கு இதை எழுதிக்கோ. துணி வெட்டறது, நூல் மாட்டறது எல்லாம் வீடியோ, என் பொறுப்பு. மெஷின் ஓட்டறது குரல் மட்டும், ரெண்டு கையும் துணியில இருக்கட்டும். யார் முகமும் காட்ட வேண்டாம், இஷ்டம் இருக்கறவங்க காட்டட்டும். ரெண்டுல ஒண்ணுதான்னு அவர் சொன்னா, அவரையே வந்து ஒரு கை வெட்டச் சொல்லு. வலதா இடதான்னு நான் பார்த்துச் சொல்றேன்.

முணுமுணுப்பு போன புதன்கிழமை போனைத் திருப்பி அவ துணியை எனக்குக் காட்டினா. நல்ல பக்கமும் நல்ல பக்கமும் முகம் பார்த்து இருந்தது. சரின்னு பார்த்துட்டுச் சொன்னேன். அப்பவும் உடனே வெட்டலை. மறுபடி காட்டினா. மறுபடி பார்த்தேன். அப்புறம்தான் கத்திரியை எடுத்தா. இன்னும் பேச்சு வரலை அவளுக்கு. வர்ற வரைக்கும் நான் இங்க இருக்கணும்டா.

ஞாயித்துக்கிழமை வரேன்னே, வா. வண்டி வேண்டாம், பஸ்ல வா. முதல்ல உன் பொண்ணு வீட்டுக்குப் போ. பேசு, திட்டு, என்ன வேணா செய், ஆனா அவ முகத்தைப் பார்த்துச் செய். அப்புறம் அவளையும் குழந்தையையும் கூட்டிக்கிட்டு இங்க வா. மூணு பேருக்கும் ஸ்டூல் வாங்கி வைக்கறேன்.

தனியா வந்தேன்னா கதவு திறக்காது. வெளியில நின்னு பேசு, உள்ள இருந்து கேட்டுக்கறேன். எனக்குப் பழக்கம்தான்.

உன் அக்கா